மார்பு உயரத்தில்

ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் பெட்டி பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அந்தக் கடிதம் சொன்னது. மரியாதையான கடிதம்தான். வடக்கே, கைனூ வட்டாரத்துப் பெட்டிகளையெல்லாம் சம்பளமில்லாமல் மேற்பார்வை பார்க்கிற யாரோ ஒரு முகம் தெரியாத ஆள் எழுதியிருந்தார்: "ஏழு முறை தேடப்பட்டிருக்கிறது, ஏழு முறையும் கிடைக்கவில்லை. பெட்டி அதன் இடத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். குளிர்காலமாக இருப்பதால் நான்கு வாரம் தருகிறேன்."

அந்த நான்கு வாரத்தில் ஒரு நாள் மிச்சமிருக்கிற வரைக்கும் ஹில்க்கா ஒன்றும் செய்யவில்லை.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. நடமாடும் நூலக வண்டியை ஓட்டுவது வேலை. வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்து பின்னால் போய் அவளே நூலகர் ஆகிவிடுவாள். ஏரிக்கரைகளில் தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போவாள். யாருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும், யாருக்கு எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பிறருடைய விருப்பத்தைக் கேட்காமலே அறிந்துகொள்பவள் என்று அவளுக்கு ஊரில் பெயர் உண்டு. தன் விருப்பத்தைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வராது.

ஜியோகேஷிங் என்று வெளியுலகம் சொல்லும். அங்கே எல்லோரும் பெட்டி தேடுவது என்பார்கள். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்து வைத்து, அது இருக்கிற இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். கூடவே ஒரு வரியில் துப்பு. மற்றவர்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். பெட்டிக்குள் கையகல நோட்டு ஒன்று இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதினால்தான் கண்டுபிடித்ததாகக் கணக்கு. எழுதவில்லையென்றால் பெட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்திருந்தாலும் செல்லாது. வீடு திரும்பியதும் இணையத்தில் 'கிடைத்தது' என்றோ 'கிடைக்கவில்லை' என்றோ நாலு வரி எழுத வேண்டும். கிடைக்காததை எழுதாமல் மறைப்பவர்களை யாரும் மதிப்பதில்லை. நோட்டின் முதல் பக்கம் முதலில் வந்தவருக்கு என்பது எங்கும் எழுதப்படாத சட்டம்.

அந்த வட்டாரத்தில் பதினோரு வருடமாக எல்லா முதல் பக்கங்களும் ஓர்வோவுடையவைதான். ஓர்வோ சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன், ஹில்க்காவைவிட இரண்டு வயது மூத்தவன். ஊர் தூங்கும்போது விழித்திருக்கிற தொழில் என்பதால், புதுப் பெட்டி ஒன்று இணையத்தில் ஏறினால் முதலில் பார்ப்பது அவன்தான். பத்து வருடம் முன்பு ஒரு பாலத்துக்கு அடியில், ஒரே பெட்டிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீட்டியபோதுதான் அவர்கள் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் சேர்ந்தே தேடினார்கள். அவன் பிளாஸ்கில் காபி கொண்டுவருவான், அவள் கரேலியப் பணியாரம் கொண்டுவருவாள். சில சனிக்கிழமைகளில் மொத்தமாக நாற்பது சொற்கள் பேசியிருப்பார்கள். அது போதுமென்று இருந்தது, போதாமல் போகிற வரைக்கும்.

போன மார்ச் மாதக் கடைசியில் ஹில்க்கா சறுக்குக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். லெப்பாலா வயலின் ஓரத்தில், ஏரியைப் பார்த்தபடி, யாரும் பயன்படுத்தாத வைக்கோல் கொட்டகை ஒன்று நிற்கிறது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சுவர். வைக்கோலுக்குக் காற்றுப்பட வேண்டுமென்று கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். அப்படி ஒரு இடைவெளியில் சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைச் செருகி வைத்தாள். பெட்டிக்குள் இருந்த நோட்டின் முதல் பக்கத்தில், பத்து வருடமாகச் சொல்லாததை ஓர்வோவுக்குப் பென்சிலால் எழுதியிருந்தாள். விருப்பமென்றால் வீட்டுக்கு வா, இல்லையென்றால் ஒன்றும் பேச வேண்டாம், வழக்கம்போலக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று முடித்திருந்தாள்.

எழுதியாகிவிட்டது. இணையத்தில் ஏற்றத்தான் தைரியம் வரவில்லை. ஏப்ரல் போனது, மே போனது. ஜூனில் நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின நாள், எல்லோரும் ஏரிக்கரையில் நெருப்பு மூட்டத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஒரு குவளை பீரைக் குடித்துவிட்டு ஏற்றினாள். துப்பு: மார்பு உயரத்தில். கடினம்: மிக எளிது.

மறுநாள் காலையிலேயே ஓர்வோவின் பதிவு வந்தது. "கிடைக்கவில்லை. இரண்டு மணி நேரம் தேடினேன். கொசு அதிகம்."

அந்த ஏழு சொற்களை ஹில்க்கா எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை. பதினோரு வருடத்தில் ஓர்வோ மிக எளிதான பெட்டி எதையும் தவறவிட்டதில்லை. ஜூலையில் மறுபடி வந்து கிடைக்கவில்லை என்று எழுதினான். ஆகஸ்டில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை. நடுவில் வேறு மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறான். படித்திருக்கிறான். மற்றவர்கள் படித்து அவள் தலைகுனிய வேண்டாமென்று பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கையெழுத்துப் போட்டு மறுப்பதைவிட, கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிடுவது இருவருக்கும் சுலபம். ஓர்வோ அப்படிப்பட்ட ஆள்தான். அந்தக் கருணைதான் அவளைக் கொன்றது. ஜூலையிலிருந்து சனிக்கிழமைகளில் வேலை இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். அவன் ஒரு முறைகூட ஏன் என்று கேட்கவில்லை. அதையும் தான் நினைத்ததற்குச் சான்றாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பெட்ரோல் நிலையத்துக் காபிக்கடையில் போய் உட்கார்ந்தாள். கடை நடத்துகிற மைரே அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"நாளைக்கு முப்பத்துமூணு டிகிரி போகுமாம், பூஜ்யத்துக்குக் கீழ," என்றாள் மைரே. "நீ ஏன் பிளாஸ்க் கேக்கற? எங்க போற?"

"லெப்பாலா கொட்டகையில வச்ச பெட்டிய மூடிடலாம்னு. போய்ப் பாத்துட்டுத்தான் மூடணும், அதான் முறை."

"இல்லாத பெட்டியப் போய்ப் பாக்கறதுக்கு ஒரு முறை வேற. நல்ல ஆளுங்கடி நீங்கல்லாம்." மைரே காபியை ஊற்றினாள். "அந்தப் பெட்டிதானே ஓர்வோவ அந்தப் பாடு படுத்துச்சு? அக்டோபர்ல ஒரு நாள் இங்க வந்து உக்காந்தான். ஒரு வார்த்தை பேசல, மூணு பன்னு தின்னான். வீட்ல யாராவது தவறிட்டாங்களான்னு கேட்டேன். இல்ல, ஹில்க்கா வச்சது கிடைக்கலைன்னான்."

ஹில்க்கா குவளையைப் பார்த்தபடி கேட்டாள். "அவனுக்கு நல்லா நடிக்க வருமா?"

"யாருக்கு, ஓர்வோவுக்கா? அஞ்சாங்கிளாஸ் நாடகத்துல மரமா நிக்கச் சொன்னாங்க அவன. அதுக்கே தும்மித் தொலச்சான். ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"நீ சும்மா எதையும் கேக்க மாட்டியே," என்றாள் மைரே. ஆனால் டீசலுக்கு ஆள் வந்து நின்றதால் அதோடு விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஹில்க்கா சாலையோரத்தில் காரை நிறுத்தி இறங்கினாள். மூச்சை இழுத்ததுமே மூக்குக்குள் இருந்த முடி உறைந்து ஊசியாகக் குத்தியது. காற்றே இல்லை. தூரத்து வீடுகளின் புகைபோக்கிகளிலிருந்து புகை நூல் பிடித்தாற்போல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. சூரியன் மரங்களுக்குமேல் ஒரு கையகலம் வந்திருந்தது. அதற்குமேல் பெரிதாக ஏறப்போவதும் இல்லை.

கொட்டகைக்கு இரண்டு கிலோமீட்டர். அவ்வளவு குளிரில் பனி வழுக்காது, மணல் மாதிரி பிடித்துக்கொள்ளும். சறுக்குக்கட்டைகள் ஒவ்வொரு அடிக்கும் கீச்சிட்டன. இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டபோதெல்லாம் நின்று, உறைக்குள்ளிருந்து கையை எடுத்து விரலால் பிரித்துவிட்டுக்கொண்டாள். கைபேசியை உள்சட்டைக்குள், தோலோடு சேர்த்து வைத்திருந்தாள். வெளியே எடுத்தால் இரண்டு நிமிடத்தில் மின்கலம் செத்துவிடும். ஆனால் இந்த இடத்துக்குக் கைபேசி தேவையில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவாள்.

வயலைக் கடந்து கொட்டகையின் ஏரிப்பக்கச் சுவரை நோக்கி ஏறினாள். சறுக்குக்கட்டைகளைக் கழற்றி நட்டுவிட்டு, சுவரைத் தொட்டபடி நின்று, நேராகப் பார்த்தாள்.

கட்டை இடுக்கில் பச்சை மூடி தெரிந்தது.

ஹில்க்கா அசையவில்லை. பெட்டி அவள் தோளுக்குச் சற்றுக் கீழே, அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியின்மேல் பூத்திருந்த பனிப்பொடியை யாரும் தொட்டதில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தாழ்த்தித் தன் காலைப் பார்த்தாள். காலுக்குக் கீழே பனி. அந்தப் பனி வயலிலிருந்து சரிவாக ஏறி, கொட்டகைச் சுவரில் பாதி உயரத்துக்குமேல் அண்டி நின்றது. குளிர்காலம் முழுக்க ஏரியிலிருந்து வீசும் காற்று அந்தச் சுவரில் கொண்டுவந்து குவிக்கிற பனி. மேற்பரப்பு தரைமாதிரி இறுகியிருந்தது. கூரையின் விளிம்பு அவள் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அவள் கூரையைத் தொட்டுவிடலாம் போலிருந்தது.

எந்த மனிதனால் தரையில் நின்றுகொண்டு வைக்கோல் கொட்டகையின் கூரையைத் தொட முடியும்?

மார்ச்சிலும் இங்கேதான் நின்றிருக்கிறாள், இந்தக் குவியலின்மேல். மார்பு உயரத்தில் என்று எழுதினாள். ஜூனில் குவியல் உருகிப் புல் முளைத்தபோது பெட்டி ஓர்வோவின் தலைக்குமேல் ஓர் ஆள் உயரத்தில், கூரை நிழலில் இருந்திருக்கிறது. அவன் கீழே நின்று, மார்பு உயரத்தில், ஒவ்வொரு இடுக்காகக் கையை விட்டுத் துழாவியிருக்கிறான். நான்கு தடவை.

பனியிலேயே பிறந்து வளர்ந்தவள் செய்கிற தவறா இது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் பல் கூசியது, அவ்வளவு குளிர்.

பெட்டியை எடுத்தாள். மூடியைத் திறந்தபோது குளிரில் நொறுங்கலாகியிருந்த அதன் ஒரு மூலை தெறித்துப் போனது. உள்ளே நோட்டு காய்ந்து, சுத்தமாக இருந்தது. முதல் பக்கத்தில் அவளுடைய பென்சில் எழுத்து. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. யாரும் படிக்கவில்லை. யாரும் மறுக்கவில்லை. எட்டு மாதமாக அவள் சுமந்துகொண்டு திரிந்த பதில், யாரும் கொடுக்காத பதில்.

அப்போதுதான் இன்னொரு ஜோடி சறுக்குக்கட்டைகளின் கீச்சொலி கேட்டது. அந்த அமைதியில் அரை கிலோமீட்டர் தூரத்துச் சத்தம்கூடக் காதருகில் கேட்கும். வயலின் குறுக்கே, அவள் போட்ட தடத்திலேயே ஒருவன் வந்துகொண்டிருந்தான். உயரமான உருவம், வலது தோள் கொஞ்சம் இறங்கி. லாரியில் ஜன்னல் பக்கம் சாய்ந்தே ஓட்டி வந்த தோள்.

நோட்டைப் பெட்டியில் போட்டு மூடி, பெட்டியைச் சட்டைப்பைக்குள் திணித்து, பையின் பொத்தானையும் போட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"உன் கார ரோட்டுல பாத்தேன்," என்றான் ஓர்வோ. குல்லாயின் விளிம்பு, புருவம், தாடி எல்லாம் வெள்ளையாகியிருந்தன. மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி பூத்துக் கிடந்தது. அதைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

"நீ எங்க இந்தப் பக்கம்?"

"இவ்ளோ குளிர் வந்தா பனி பெய்யாது. எனக்கு லீவு." அவன் மூச்சு வாங்கினான். "இத இன்னிக்கி மூடறாங்கன்னு போட்டிருந்துது. கடைசியா ஒரு தரம் பாத்துடலாம்னு வந்தேன். நீயும் அதுக்குத்தானே?"

"ஆமா. மூடத்தான்."

"இரு, இரு, அவசரப்படாத. எனக்கு ஒண்ணு தோணுச்சு." அவன் குரலில் அவளுக்குப் பழக்கமான ஆர்வம் இருந்தது. எட்டு மாதமாக அவள் கேட்காத குரல். "செவ்வாய்க்கிழமை ஏரிக்கு அந்தப் பக்க ரோட்டுல பனி தள்ளிட்டுப் போறப்ப தூரத்துல இந்தக் கொட்டகையப் பாத்தேன். சொவத்துல பாதிக்குப் பனி. அப்பதான் தோணுச்சு, ஹில்க்கா இத எப்ப வச்சிருப்பான்னு. பனி இருக்கறப்ப வந்து, இதுமேல ஏறி நின்னு வச்சிருந்தா? மார்பு உயரம்னா எங்க வரும்?"

ஹில்க்கா சட்டைப்பைப் பொத்தானின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"தெற்கத்திக்காரங்க செய்யற வேலதான்," என்றான் அவன். "ஹெல்சிங்கியில இருந்து வர்றவங்க இப்பிடித்தான், பனியத் தரைன்னு நெனச்சுக் காரையே குழியில விட்டுடுவாங்க. உன்னச் சொல்லல. நீ செஞ்சிருக்க மாட்ட. ஆனா பாத்துடலாம்."

அவன் குவியலின்மேல் ஏறிச் சுவரோரம் நின்றான். இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தான். கண்ணாடி இல்லாததால் கண்ணை இடுக்கி, ஒவ்வொரு இடுக்கிலும் கையுறையோடு கையை விட்டு, உள்ளே தடவி, அடுத்ததற்குப் போனான். பனி தள்ளுகிறவனின் பொறுமை. பச்சை மூடி இருந்த இடுக்குக்கு வந்தான். கையை விட்டான். அங்கே கொஞ்ச நேரம் நின்றான், பனிப்பொடி கலைந்திருப்பதைப் பார்க்கிறானோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. கண்ணாடி இல்லாமல் அதெல்லாம் தெரிந்திருக்காது. அடுத்த இடுக்குக்குப் போனான். வலது ஓரம் வரைக்கும் போய் நின்றான்.

"இல்ல," என்றான்.

கையுறையால் தாடியைத் துடைத்தான். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தரம் இருக்கும்னு நெனச்சேன்," என்றான். "செவ்வாயில இருந்து அதேதான் நெனப்பு. யாராவது எடுத்திருப்பாங்க. அணில் இழுத்துட்டுப் போயிருக்கும்."

"ஓர்வோ, இது ஒரு பெட்டி. ஆயிரம் பெட்டி எடுத்திருக்க நீ."

"ரெண்டாயிரத்து எழுநூறு. அது வேற." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "நீ வச்சது ஒண்ணே ஒண்ணு. மத்தவங்க வச்சதத் தேடத்தான் நீ வருவ, நீயா எதுவும் வச்சதில்ல. எனக்குன்னு வச்சன்னு நெனச்சேன். நான் கண்டுபிடிக்கலைன்னதும் நீ சனிக்கிழமை வர்றத நிறுத்திட்ட. கோவம் போலன்னு விட்டுட்டேன்."

"கோவமா? யாருக்குக் கோவம்?"

"உனக்கு. மிக எளிதுன்னு போட்டிருந்தியே. நாலு தரம் வந்தேன். மார்புன்னா யார் மார்புன்னு யோசிச்சு, ஆகஸ்டுல முட்டி போட்டுக்கூடத் தேடினேன், சின்னப் பிள்ளை உயரத்துக்கு. உன்கிட்ட கேட்டிருக்கலாம். வச்சவங்ககிட்டயே கேக்கறது என்னவோ மாதிரி இருந்துச்சு."

சட்டைப்பைக்குள் பெட்டி அவள் விலாவில் அழுத்திக்கொண்டிருந்தது. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டுவிடலாம். இன்று சாயங்காலம் 'பெட்டி தொலைந்தது, மூடப்பட்டது' என்று எழுதினால், அடுத்த சனிக்கிழமையிலிருந்து பழையபடி காபியும் பணியாரமும் நாற்பது சொற்களும் இருக்கும். எதுவும் கெடாது. அவன் மட்டும் ஐந்தாவது தடவை கிடைக்கவில்லை என்று எழுதுவான்.

முட்டி போட்டுத் தேடியிருக்கிறான்.

"ஓர்வோ, அந்தப் பக்கம் திரும்பி நில்லு," என்றாள்.

"எதுக்கு?"

"ஏரியப் பாரு."

"ஏரியில என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் சொல்றவரைக்கும் இந்தப் பக்கம் திரும்பாத. திரும்பினா நான் போயிடுவேன்."

அவன் ஏரியைப் பார்த்து நின்றான். முப்பத்துமூன்று டிகிரியில் ஒரு பெரிய ஆள், தண்டனை வாங்கின மாணவன் மாதிரி. ஹில்க்கா பொத்தானைக் கழற்றப் பார்த்தாள். கையுறையோடு முடியவில்லை. கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். விரல்கள் மரத்துப் போயின. பெட்டி ஒரு முறை நழுவிப் பனியில் விழுந்தது. எடுத்து, துடைத்து, மார்ச்சில் வைத்த அதே இடுக்கில் செருகினாள்.

"பொத்தான் சத்தம் கேட்டுது," என்றான் அவன், திரும்பாமல்.

"கேட்டா கேக்கட்டும். இப்பத் தேடு."

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். பெட்டி எங்கே இருக்கிறதென்று அவள் நிற்கிற இடமே சொன்னது. ஆனாலும் அவன் இடது ஓரத்துக்குப் போய், முதல் இடுக்கிலிருந்து மறுபடி ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக. அவள் தன் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதனை அவள் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

பச்சை மூடிக்கு வந்ததும் அவன் கை நின்றது. வெளியே எடுத்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"மூடி ஓரம் ஒடஞ்சிருக்கு," என்றான்.

"ஒடச்சது நான்தான். தொற."

திறந்து நோட்டை எடுத்தான். கண்ணாடியை மூக்கில் மாட்டினான். அது வெள்ளைக்கல் மாதிரி ஆகியிருந்தது. கழற்றி ஊதினான். ஊதினதும் உறைந்தது. கையுறையால் தேய்த்தான். இன்னும் மோசமானது. நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான்.

"எழுத்து இருக்குன்னு தெரியுது. என்னன்னு தெரியல. நீயே படியேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பத்து வருடத்தில் வாயால் சொல்ல முடியாது என்றுதானே எழுதினாள். நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"முதலில் கண்டுபிடித்தவருக்கு வாழ்த்துக்கள்," என்று படித்தாள். "இயற்கையை மாசுபடுத்தாமல் திரும்பிச் செல்லவும்."

அவன் காத்திருந்தான். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"கண்ணாடி இல்லன்னாலும் பன்னெண்டு வரி இருக்குன்னு தெரியுது, ஹில்க்கா."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு நூலக வண்டியில் கதை படித்துக் காட்டுவாள் வாரம் தவறாமல், குரல் ஒருநாளும் தடுக்கினதில்லை.

"ஓர்வோ," என்று ஆரம்பித்தாள். "முதல் பக்கத்தைத் திறப்பது நீயாகத்தான் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன். பத்து வருடமாகச் சனிக்கிழமைகளில் உன்னோடு பெட்டி தேடுகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெட்டிகள்மேல் அவ்வளவு ஆசை இல்லை."

"அது எனக்குத் தெரியும்," என்றான் அவன்.

"குறுக்கப் பேசாத. அப்புறம் என்னால முடியாது." மூச்சை இழுத்தாள், மார்புக்குள் குளிர் இறங்கியது. "எனக்குச் சனிக்கிழமை மட்டும் போதவில்லை. காபி தீர்ந்ததும் நீ பிளாஸ்கை மூடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் அப்படி இருந்தால் ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வா. சௌனாக் குளியலறையைச் சூடாக்கி வைக்கிறேன். அப்படி இல்லையென்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். வழக்கம்போலக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இடத்தில் வைத்துவிட்டுப் போ. எனக்குப் புரியும். அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் வருவேன். ஹில்க்கா."

படித்து முடித்தும் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுடைய மூச்சு பக்கத்தின்மேல் வெள்ளையாகப் படிந்தது.

"எப்ப எழுதின?" என்று அவன் கேட்டான்.

"போன மார்ச்சுல."

"மார்ச்." அவன் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னான். "அப்ப நான் இங்க கொசுக்கடியில நின்னுட்டிருந்தப்ப இது என் தலைக்கு மேல இருந்துச்சு."

"ஆமா."

"நீ என்ன நெனச்ச? நான் கிடைக்கலைன்னு எழுதினப்ப?"

"படிச்சுட்டு, எடுத்துட்டுப் போய், கிடைக்கலைன்னு எழுதிட்டன்னு. நான் மானத்தோட இருக்கட்டும்னு."

கொட்டகையின் கட்டை ஒன்று குளிரில் விரிசல்விட்டு, துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் போட்டது. இருவரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"எட்டு மாசம்," என்றான். "எட்டு மாசம் இத நெனச்சுக்கிட்டா வண்டி ஓட்டின?"

"நீ?"

"நான் நீ கோவமா இருக்கன்னு நெனச்சு ஓட்டினேன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் குடுத்திருக்கக் கூடாது."

ஹில்க்கா பென்சிலை எடுத்தாள். பெட்டிக்குள் இருந்த அரை விரல் நீளப் பென்சில், பேனா மை உறைந்துவிடும் என்பதால் எல்லோரும் வைக்கிற பென்சில். அதையும் நோட்டையும் அவனிடம் நீட்டினாள். எதையும் மாற்றிச் சொல்லித் தப்பிக்க இடம் வைக்காமல், எழுதினபடியே விட்டுவிட வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியது.

அவன் கையுறையைக் கழற்றிப் பென்சிலை வாங்கினான். இரண்டாயிரத்து எழுநூறு பெட்டிகளில் கையெழுத்துப் போட்ட கை. கரடித்தடத்துக்குப் பக்கத்தில், வெள்ளத்தில், ஒரு முறை முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சலோடு போய்ப் போட்டிருக்கிறான். பெயர் எழுதாமல் அவன் ஒரு நோட்டை மூடி அவள் பார்த்ததில்லை. பென்சில் முனை பக்கத்தின் அடியில், அவள் விட்டிருந்த வெற்றிடத்துக்கு வந்தது. ஹில்க்கா பார்வையை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நோட்டு மூடுகிற சத்தம் கேட்டது.

"போடலியா?" என்றாள்.

"இல்ல."

"போடலன்னா கணக்குல வராது. முதல் பக்கம் போயிடும் உனக்கு."

"போகட்டும்," என்றான் ஓர்வோ. பென்சிலைப் பெட்டியில் போட்டான். நோட்டைப் போடவில்லை. அதைத் தன் உள்சட்டைக்குள், கைபேசி வைத்திருந்த பையில் வைத்தான். "வேற நோட்டு வச்சுக்கலாம் இதுக்கு. இத யாரும் படிக்க வேணாம். மேற்பார்வைக்காரருக்குப் பெட்டி இருக்குன்னு எழுதிடு. துப்ப மாத்தாத."

"மாத்தாம? ஜூன்ல வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"கொசு கடிக்கட்டும். எனக்குக் கடிக்கல?"

அவள் சிரித்தாள். பல் கூசியதைக் கவனிக்கவில்லை. அவளுடைய வலது கை இன்னும் உறையில்லாமல் இருப்பதை அவன்தான் பார்த்தான். விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. அந்தக் கையைப் பிடித்துத் தன் பெரிய உறைக்குள், தன் கையோடு சேர்த்துச் செருகிக்கொண்டான். இரண்டு கைக்கு அதில் இடமில்லை. அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், விரல்களில் உணர்ச்சி திரும்பி, வலி எடுத்து, அவள் கண்ணில் நீர் முட்டும் வரைக்கும்.

"வலிக்குதா?"

"வலிச்சா நல்லதுதானே."

"நல்லதுதான். செத்த விரல்தான் வலிக்காது." பிறகு கேட்டான்: "இந்தக் குளிர்ல உன் சௌனா சூடாக எவ்ளோ நேரம் ஆகும்?"

"மூணு மணி நேரம். வெறகு ஈரமா இருந்தா நாலு."

"ஈரமா இருக்கா?"

"கொஞ்சம்."

"அப்ப இப்பவே கிளம்பணும்," என்றான் அவன்.

சறுக்குக்கட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். வயலின் குறுக்கே அவள் காலையில் போட்டு, அவன் வந்து அழுத்திய ஒற்றைத் தடம் இருந்தது. ஹில்க்கா அதில் இறங்கி முன்னால் போனாள். அவன் பின்னால் வருவான் என்று நினைத்தாள், தடத்தில் ஒருவர்தான் போக முடியும். பத்து அடி போனதும் பக்கத்தில் கனமாக மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஓர்வோ தடத்தை விட்டு வெளியே, யாரும் மிதிக்காத பனியில் முழங்கால் வரைக்கும் அமிழ்ந்து அமிழ்ந்து ஏறி, அவளுக்கு இணையாக வந்துகொண்டிருந்தான்.

"தடத்துல வா," என்றாள். "ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. மூச்சு நின்னுடும்."

"நிக்காது," என்றான் அவன். "நீ மெதுவா போ, போதும்."

அவள் மெதுவாகப் போனாள்.